கரப்பான் சிகிச்சையின் வரலாறு: நோய் உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

எக்சிமா எனப்படும் கரப்பான், கடும் அரிப்புடன் தோல் தடித்து, நீர் கசிந்து, பின்னர் வறண்டு வெடிக்கும் நாட்பட்ட அழற்சி நோயாகும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. எக்சிமாவில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் பரவலானது 'அடோபிக் எக்சிமா' என்ற பரம்பரைச் சார்பு கொண்ட வகை. இக்கட்டுரையில் எக்சிமா என்ற சொல் பெரும்பாலும் அதையே குறிக்கும். சித்த மருத்துவம் கரப்பான் என்ற பெயரில் பல வகைத் தோல் நோய்களைத் தொகுத்துப் பேசுகிறது. பேச்சுவழக்கில் படை, சிரங்கு, சொறி ஆகிய சொற்களும் இதனோடு கலந்து வழங்குகின்றன. ஆனால் பூஞ்சையால் வரும் படர்தாமரையும், நுண்ணிய பூச்சியால் வரும் சொறிசிரங்கும் வேறு நோய்கள். அவற்றுக்கான சிகிச்சையும் வேறு.

எக்சிமா குழந்தைகளின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. குழந்தைப் பருவத்தில் தொடங்கிய நோய் பலருக்கு வளர வளர அடங்கிவிடுவதே அதற்குக் காரணம். ஆனால் சிலருக்கு அது வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. இந்நோயுள்ள வயதுவந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது வளர்ந்த பிறகே முதன்முதலில் தோன்றுகிறது என்று 2019-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. உடலின் பல பகுதிகளில் பரவி, இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, வேலைக்குச் செல்வதையும் பிறரோடு பழகுவதையும் தடுக்கும் நிலை 'மிதமானது முதல் கடுமையானது வரை' என வகைப்படுத்தப்படுகிறது.

இந்த நிலைக்கான சிகிச்சையின் வரலாற்றை ஒரு கேள்வி இருநூறு ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளது. நோய் உடலுக்குள்ளிருந்து தோலுக்கு வருகிறதா, அல்லது தோலில் தொடங்கி உள்ளே செல்கிறதா? மருத்துவர் இதற்கு என்ன விடை வைத்திருந்தார் என்பதே நோயாளிக்குக் கிடைத்த மருந்தைத் தீர்மானித்தது.

பெயரும் வகைப்பாடும்

எக்சிமா என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'கொதித்துப் பொங்குதல்' என்பது அதன் பொருள். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அமிடா நகரத்து ஏட்டியஸ் என்ற மருத்துவரின் நூலில் இச்சொல் காணப்படுகிறது. உடலுக்குள் கெட்டுப்போன நீர்மங்கள் தோல்வழியே பொங்கி வெளியேறுகின்றன என்ற பழைய எண்ணத்தை அப்பெயரே சுமந்து நின்றது.

தோல் நோய்களைக் கண்ணுக்குத் தெரியும் உருவத்தைக் கொண்டு ஒழுங்காக வகைப்படுத்தியவர் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் (1757–1812). கேரி தெருவில் ஏழைகளுக்கான பொது மருந்தகத்தில் பணியாற்றிய அவர், தோல் நோய்கள் பற்றிய தமது நூலை 1798 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். பணி முடியுமுன்பே அவர் இறந்துவிட, மாணவர் தாமஸ் பேட்மன் 1813-ல் வெளியிட்ட சுருக்க நூல் அந்த வகைப்பாட்டை நிறைவு செய்தது. அதில் எக்சிமா என்பது சிறு நீர்க்கொப்புளங்கள் நெருக்கமாகத் தோன்றும் தொற்றாத நோய் என வரையறுக்கப்பட்டது. வெயில், பாதரச மருந்து போன்ற உறுத்தல்களால் வருவதும் அதில் இடம்பெற்றது. 'உள்ளே கெட்டது வெளியே பொங்குகிறது' என்ற விளக்கத்துக்கு இங்கே முதல் விரிசல் விழுந்தது.

வியன்னாவும் பாரிசும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோயாளிகளைப் பெரிதும் பாதித்த நம்பிக்கை ஒன்று இருந்தது. தோலில் கசியும் புண்ணை மருந்திட்டு ஆற்றிவிட்டால், நோய் உள்ளே திரும்பி நுரையீரலையோ மூளையையோ தாக்கும் என்பதே அது. இதனால் பல மருத்துவர்கள் தோலைத் தொடாமல் விட்டு, பேதி மருந்தும் இரத்தம் வடித்தலுமாக 'உள்ளே' சுத்தம் செய்ய முயன்றனர். அரிப்பால் துடித்தவர்களுக்கு அரிப்பு அப்படியே இருந்தது.

இந்த நம்பிக்கையை எதிர்த்தவர் வியன்னா பொது மருத்துவமனையின் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா (1816–1880). சொறிசிரங்கு இரத்தக் கெடுதலால் வருவதன்று, தோலில் வளை தோண்டும் ஒரு நுண்ணிய பூச்சியால் வருவதே என்று அவர் தம் உடலிலேயே சோதித்து நிறுவினார். எக்சிமாவிலும் அதே அணுகுமுறையைக் கையாண்டார். நேர்வாள எண்ணெயைத் தோலில் தேய்த்தால் சிவத்தல், கொப்புளம், கசிவு, பொருக்கு என எக்சிமாவின் படிநிலைகள் அனைத்தையும் வரவழைக்க முடியும் என்று காட்டினார். தோலில் தொடங்குவதைத் தோலிலேயே ஆற்றலாம் என்பது அவர் வந்தடைந்த முடிவு. தார், துத்தநாகம், ஈயக் களிம்பு, நீண்ட நேர நீராட்டு ஆகியவை அவருடைய கருவிகள். ஆறிய புண் நோயாளியைக் கொல்லவில்லை என்பதை அவரது வார்டுகள் நாள்தோறும் மெய்ப்பித்தன.

ஆனால் ஹெப்ராவின் விளக்கம் ஒரு கேள்வியைத் தீர்க்காமல் விட்டது. ஒரே உறுத்தல் ஒருவரை மட்டும் வாட்டி, அருகில் இருப்பவரை விட்டுவிடுவது ஏன்? பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் பணியாற்றிய எர்னஸ்ட் பெனியே 1892-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு தடயம் இருந்தது. நாட்பட்ட அரிப்புள்ள தம் நோயாளிகள் பலருக்கு ஆஸ்துமாவும், மகரந்தத்தால் வரும் மூக்கொழுக்கும் சேர்ந்தே இருப்பதை அவர் குறித்தார். இது குடும்பங்களில் தொடர்வதையும், முதலில் வருவது அரிப்பு என்பதையும் சுட்டிக்காட்டினார். அதே பாரிசில் புரோக், ஜாக்கே ஆகிய இருவரும் 1891-ல் இந்நோய்க்கு 'நரம்புத் தோலழற்சி' என்ற பெயரைச் சூட்டியிருந்தனர். சொறிவதே தோலைத் தடிக்கச் செய்கிறது என்பது அவர்கள் கருத்து. அரிப்பு நரம்பின் வழி வருவது என்ற கவனிப்பு சரியானதே. ஆனால் நோயாளியின் 'பதற்றமான மனம்'தான் காரணம் என்ற பழியும் அந்தப் பெயரோடு சேர்ந்துகொண்டது. பல பத்தாண்டுகள் அது விலகவில்லை.

வெளிக் காரணத்தைத் தேடியவர்களுக்கு 1895-ல் ஒரு நல்ல கருவி கிடைத்தது. யோசெஃப் யாடாசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர், சந்தேகத்துக்குரிய பொருளைத் தோலில் ஒட்டிவைத்து எதிர்வினையைக் காணும் ஒட்டுச் சோதனையை அறிமுகப்படுத்தினார். நிக்கல், சிமெண்ட், தலைச்சாயம், வாசனைப் பொருள் போன்றவற்றால் வரும் தொடு ஒவ்வாமையைப் பிரித்தறிய இச்சோதனை இன்றும் பயன்படுகிறது.

'அடோபி' என்ற சொல்

1923-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஆர்தர் கோகா, ராபர்ட் குக் ஆகியோர் ஆஸ்துமா, மூக்கொழுக்கு போன்ற பரம்பரை ஒவ்வாமைகளைக் குறிக்க 'அடோபி' என்ற சொல்லை முன்வைத்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கிரேக்க அறிஞர் எட்வர்ட் பெர்ரி அவர்களுக்குத் தந்த சொல் அது. 'இடம் பொருந்தாதது, விந்தையானது' என்பது அதன் பொருள். 1933-ல் நியூயார்க் தோல் மருத்துவர்கள் ஃபிரெட் வைஸ், மரியன் சல்ஸ்பெர்கர் ஆகியோர் அச்சொல்லைத் தோலுக்குக் கொண்டுவந்து 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்று பெயரிட்டனர். பெனியேயின் கவனிப்புக்கு நிலையான பெயர் கிடைத்தது. நோய் மீண்டும் உள்ளே சென்றது. இம்முறை அதன் இருப்பிடம் கெட்ட நீர்மம் அன்று, நோயெதிர்ப்பு மண்டலம்.

பெயர் புதிதானபோதும் மருந்து பழையதாகவே இருந்தது. நிலக்கரித் தார், துத்தநாகப் பசை, பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீர், மாவுக் குளியல், கட்டுத்துணி, வாரக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கை ஆகியவையே கடும் நோயாளிகளுக்குக் கிடைத்தன. தாரின் மணமும் கறையும் துணியை விட்டு நீங்காது. உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட ஆர்சனிக் கரைசல் இன்னும் மோசமானது. நெடுநாள் ஆர்சனிக் உண்டவர்களின் உள்ளங்கை தடித்துப் புற்றாக மாறுவதை லண்டன் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் 1887-லேயே எச்சரித்திருந்தார். இருந்தும் அம்மருந்து இருபதாம் நூற்றாண்டிலும் பல காலம் எழுதிக் கொடுக்கப்பட்டது.

ஸ்டீராய்டின் வருகை

1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல் குழுவினர் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் செலுத்தி வியத்தகு பலன் கண்டனர். இரு ஆண்டுகளில் அவர்கள் இருவருக்கும், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அழற்சியை அடக்கும் மருந்து எனில் அதைத் தோலிலும் பூசலாமே என்று மருத்துவர்கள் முயன்றனர். கார்டிசோன் களிம்பு ஏமாற்றம் தந்தது. அது உடலில் ஹைட்ரோகார்டிசோனாக மாற்றப்பட்ட பிறகே செயல்படும். அம்மாற்றம் பெரும்பாலும் கல்லீரலில் நடக்கிறது, தோலில் அது போதிய அளவு நடப்பதில்லை.

சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் 1952-ல் ஹைட்ரோகார்டிசோனையே நேரடியாகப் பூசிப் பார்த்து வெற்றி கண்டனர். 'அடோபிக்' என்ற பெயரைத் தந்தவர்களுள் ஒருவரே அந்நோயின் முதல் திறன்மிக்க நவீனப் பூச்சையும் தந்தார். தாரும் கட்டுத்துணியும் வாரக்கணக்கில் செய்ததை ஒரு சிறு குழாய் சில நாட்களில் செய்தது.

அடுத்த இருபது ஆண்டுகள் வீரியத்துக்கான போட்டி நடந்தது. ஸ்டீராய்டு பூசிய இடத்தில் இரத்த நாளங்கள் சுருங்கித் தோல் வெளுக்கும். 1962-ல் மெக்கென்ஸி, ஸ்டாட்டன் ஆகியோர் இந்த வெளுப்பைக் கொண்டே மருந்துகளின் வீரியத்தை ஒப்பிடும் முறையைக் கண்டனர். ட்ரையாம்சினலோன், பீட்டாமெத்தசோன், பின்னர் குளோபெட்டசால் என ஒன்றைவிட ஒன்று வலிய மருந்துகள் சந்தைக்கு வந்தன.

வீரியத்தோடு தீங்கும் வளர்ந்தது. வலிய ஸ்டீராய்டை மாதக்கணக்கில் முகத்திலும் அக்குளிலும் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்தது. வரிகள் விழுந்தன, நுண் நாளங்கள் வெளித்தெரிந்தன, முகத்தில் பருக்கள் கிளம்பின. மிகுதியாகப் பூசியவர்களுக்கு மருந்து இரத்தத்தில் கலந்து அட்ரினல் சுரப்பியின் வேலையையும் அடக்கியது.

அச்சமும் அளவும்

இத்தீங்குகளைக் கண்ட மக்கள் மறுகோடிக்குச் சென்றனர். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 200 எக்சிமா நோயாளிகளிடம் நடத்தி 2000-ல் வெளியான ஆய்வில், 72.5 விழுக்காட்டினர் ஸ்டீராய்டு பூச அஞ்சுவதாகக் கூறினர். 24 விழுக்காட்டினர் அந்த அச்சத்தால் மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டனர். ஜப்பானில் 1990-களில் ஸ்டீராய்டு எதிர்ப்பு பெரும் அலையாக எழுந்தது. ஆதாரமற்ற மாற்று வைத்தியங்களை நம்பி மருந்தை நிறுத்திய பலர் நோய் முற்றி மருத்துவமனைக்கு வந்தனர்.

மிகுதியாகப் பூசியவர், பூசவே அஞ்சியவர் ஆகிய இரு சாராருக்கும் குறைவாக இருந்தது ஒன்றுதான். எவ்வளவு பூசுவது என்பதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. 'மெல்லிசாகப் பூசவும்' என்ற மருந்துச்சீட்டு வாசகம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் தந்தது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் ஆண்ட்ரு ஃபின்லேயும் அவர் குழுவினரும் இதற்கு எளிய விடை கண்டனர். குழாயிலிருந்து ஆட்காட்டி விரலின் நுனிமுதல் முதல் மடிப்புவரை பிதுக்கிய மருந்து ஒரு 'விரல்நுனி அளவு'. அது ஏறத்தாழ அரை கிராம். வயதுவந்தவரின் இரண்டு கையளவுத் தோலுக்கு அது போதும். 1991-ல் விரிவாக விளக்கப்பட்ட இந்த அளவை இன்று உலகெங்கும் நோயாளிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது.

எப்போது பூசுவது என்பதிலும் மாற்றம் வந்தது. நோய் கிளம்பும்போது மட்டும் பூசி, அடங்கியதும் நிறுத்துவது பழைய வழக்கம். ஃப்ளூட்டிகசோன் பூச்சை வைத்து நடந்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று வேறு வழி காட்டியது. நோய் அடங்கிய பிறகும் வழக்கமாகக் கிளம்பும் இடங்களில் வாரம் இருமுறை பூசிவந்தவர்களுக்கு நோய் மீள்வது குறைந்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தோலிலும் அழற்சி அடியில் கனன்றுகொண்டிருக்கிறது என்பதை இது உணர்த்தியது.

இந்தியாவில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் கலந்த மலிவான கிரீம்கள் மருந்துச்சீட்டின்றி விற்கப்பட்டன. முகம் வெளுக்க வேண்டும் என்பதற்காகவும் பலர் ஸ்டீராய்டு பூசினர். படர்தாமரைக்கு இக்கலவையைப் பூசினால் அரிப்பு சில நாள் அடங்கும், பூஞ்சையோ பரவும். தோல் மருத்துவர்களின் நெடுநாள் கோரிக்கையை அடுத்து, 2018-ல் இந்திய அரசு 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டுடன் மட்டும் விற்கவேண்டிய பட்டியலில் சேர்த்தது.

பூச்சு போதாதவர்கள்

சரியான பூச்சை, சரியான அளவில் பூசியும் அடங்காத நோயாளிகளுக்கு என்ன செய்வது? எளிதான வழியாகத் தோன்றியது ப்ரெட்னிசோலோன் மாத்திரை. சில நாட்களில் தோல் தெளியும். ஆனால் மாத்திரையைக் குறைத்ததும் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பும். ஜெர்மனியில் கடும் எக்சிமா உள்ள வயதுவந்தோரிடம் நடந்து 2010-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு, ப்ரெட்னிசோலோன் குழுவில் பலருக்கு நோய் கடுமையாகத் திரும்பியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அக்குழுவில் 21 பேரில் ஒருவருக்கே நிலையான தணிவு கிடைத்தது. ஒப்பிடப்பட்ட சைக்ளோஸ்போரின் குழுவில் 17 பேரில் 6 பேருக்குக் கிடைத்தது.

சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்டது. உறுப்பு மாற்று அறுவையில் புரட்சி செய்த இம்மருந்து, கடும் எக்சிமாவிலும் விரைந்து பயன் தருகிறது என்பதை 1991-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு உறுதிசெய்தது. ஆனால் இது இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனவே நெடுங்காலம் கொடுக்க இயலாது. அசாதையோப்ரின் மருந்தை உடலில் சிதைக்கும் நொதியின் அளவை முன்னரே சோதித்து, அதற்கேற்ப மருந்தளவைத் தீர்மானிக்கும் முறையை நியூகாசில் நகர மருத்துவர்கள் 2006-ல் ஆய்வில் காட்டினர். நெதர்லாந்தில் 42 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில் மெத்தோட்ரெக்சேட்டும் அசாதையோப்ரினும் ஏறக்குறைய சமமான பலன் தந்தன. விலை குறைவான மெத்தோட்ரெக்சேட் பல நாடுகளில் இன்றும் முதன்மைத் தேர்வுகளுள் ஒன்று. கருவுற்றவர்களும் கருத்தரிக்க விரும்புபவர்களும் அதை உட்கொள்ளக்கூடாது.

ஒளிச் சிகிச்சையும் இக்காலத்தில் நிலைபெற்றது. 2001-ல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறையாக 12 வாரங்கள் தரப்பட்ட குறுங்கற்றைப் புறஊதா 'பி' கதிர், மிதமான மற்றும் கடும் எக்சிமா உள்ள வயதுவந்தோருக்குப் பயன் தந்தது. ஆனால் கருவி உள்ள மருத்துவமனைக்கு வாரம் இரண்டு நாள் சென்றுவரக் கூடியவர்களுக்கே அது பொருந்தும்.

ஸ்டீராய்டு அல்லாத பூச்சு ஜப்பானிலிருந்து வந்தது. சுகுபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரில் 1984-ல் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸ், 1999-ல் அங்கு களிம்பாக அனுமதி பெற்றது. தோலை மெலியச் செய்யாததால் முகத்துக்கும் கண்ணிமைக்கும் அது ஏற்றதாயிற்று.

நோயாளியின் கணக்கு

மருந்து பயன்தந்ததா என்பதை யார் முடிவு செய்வது? நெடுங்காலம் மருத்துவரின் கண்ணே அளவுகோலாக இருந்தது. தோல் எவ்வளவு சிவந்துள்ளது என்று பார்த்து மதிப்பிட்டார்கள். இதில் இரு குறைகள் இருந்தன. கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அழற்சி சாம்பல், ஊதா அல்லது அடர்பழுப்பு நிறத்தில் தோன்றும். வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட அளவுகோலால் கருத்த தோலுடையவரின் கடும் நோய் 'மிதமானது' எனக் குறைத்து எழுதப்பட்டது. இரண்டாவது, நோயாளியை மருத்துவரிடம் அழைத்துவந்த அரிப்பும் தூக்கமின்மையும் அந்தக் கணக்கில் சரிவர ஏறவே இல்லை.

1994-ல் ஃபின்லேயும் குல் கரீம் கானும் தோல் நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்கப் பத்துக் கேள்விகளைத் தொகுத்தனர். ஆடைத் தேர்வு, வேலை, நட்பு, தாம்பத்தியம் என அக்கேள்விகள் வாழ்வைத் தொட்டன. 2004-ல் நாட்டிங்காம் ஆய்வாளர்கள் எக்சிமாவுக்கென்றே ஏழு கேள்விகளை வெளியிட்டனர். கடந்த வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, தோல் எத்தனை நாள் கசிந்தது என்பவை அவற்றுள் சில. நோயாளி காத்திருப்பு அறையிலேயே இதை நிரப்பிவிடலாம். மொத்த மதிப்பெண் 28. ஆய்வாளர்களும் நோயாளிகளும் சேர்ந்து பின்னர் அமைத்த பன்னாட்டுக் குழு, மருத்துவரின் கண்ணளவோடு இந்த வினாத்தாளும் ஒவ்வொரு மருந்தாய்விலும் இடம்பெற வேண்டும் என முடிவு செய்தது.

இரு விடைகளும் சரி

2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மெக்லீன் குழுவினர் அயர்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட முடிவு பழைய விவாதத்தைப் புரட்டிப்போட்டது. தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிணைக்க உதவும் புரதம் ஃபிலாக்ரின். ஐரோப்பியரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அதன் மரபணு பழுதுபட்டிருக்கிறது. அவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு கூடுதல் என்பது தெளிவாயிற்று. சுவர் விரிசலிட்ட வீட்டில் ஈரம் வெளியேறுவது போலத் தோல் வறள்கிறது. அதே விரிசல் வழியே தூசும் நுண்ணுயிரும் ஒவ்வாமைப் பொருளும் நுழைகின்றன. தோலையே கவனிக்கச் சொன்ன ஹெப்ராவுக்கு நூறாண்டு கடந்து ஒரு சான்று கிடைத்தது. பழுதான மரபணு இல்லாதவர்களுக்கும் எக்சிமா வருகிறது என்பதால் இது முழு விடையாகிவிடவில்லை.

மறுபுறம், உள்ளே நடப்பதைப் பற்றிய அறிவும் கூர்மையடைந்தது. 1960-களில் கண்டறியப்பட்ட ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் எக்சிமா நோயாளிகள் பலரிடம் மிகுந்திருந்தது. அதுவே குற்றவாளி என்று கருதப்பட்டது. ஆனால் ஐ.ஜி.இ.யைத் தடுக்கும் ஒமாலிசுமாப் ஆஸ்துமாவுக்கு உதவியும், எக்சிமாவில் நம்பத்தக்க பலன் தரவில்லை. உண்மையான விசை இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற இரு செய்தி மூலக்கூறுகளில் இருந்தது. அவை அழற்சியைத் தூண்டுகின்றன, அரிப்பு நரம்புகளின் உணர்வைக் கூட்டுகின்றன, ஃபிலாக்ரின் உற்பத்தியையும் குறைக்கின்றன. உள்ளே எழும் அழற்சி சுவரைப் பழுதாக்குகிறது, பழுதான சுவர் அழற்சியைத் தூண்டுகிறது. சொறிதல் இரண்டையும் வளர்க்கிறது. இது ஒரு வட்டம். எங்கே தொடங்கியது என்பது நோயாளிக்கு நோயாளி மாறும்.

இவ்விரு மூலக்கூறுகளும் பற்றும் பொதுவான ஏற்பியை அடைக்கும் டுபிலுமாப் ஊசி, 2017 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அனுமதிக்கு அடித்தளமான இரு பெரும் ஆய்வுகளில், 16 வாரங்களில் தோல் முற்றிலுமோ ஏறக்குறைய முற்றிலுமோ தெளிந்தவர்கள் 38, 36 விழுக்காடு. மருந்துப்போலி பெற்றவர்களில் அது 10, 8 விழுக்காடு மட்டுமே. நோயாளி தாமே இரு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவையில்லை. கண் சிவத்தல் இதன் முக்கியப் பக்கவிளைவு. டிரலோகினுமாப், லெப்ரிகிசுமாப் ஆகியவை இன்டர்லூகின்-13-ஐ மட்டும் தடுப்பவை. நெமோலிசுமாப் அரிப்பைக் கடத்தும் இன்டர்லூகின்-31-இன் வழியை அடைக்கிறது.

மற்றொரு வகை மாத்திரை வடிவில் வந்தது. செல்லுக்குள் செய்தி கடத்தும் 'ஜேக்' நொதிகளைத் தடுக்கும் பாரிசிடினிப், உபாடாசிடினிப், அப்ரோசிடினிப் ஆகியவை 2020-க்குப் பின் பல நாடுகளில் அனுமதி பெற்றன. சில நாட்களிலேயே அரிப்பு தணிவது இவற்றின் சிறப்பு. 2021-ல் வெளியான நேரடி ஒப்பீட்டில், 16 வாரங்களில் நோய் முக்கால் பங்கு தணிந்தவர்கள் உபாடாசிடினிப் குழுவில் 71 விழுக்காடு, டுபிலுமாப் குழுவில் 61 விழுக்காடு. ஆனால் கடும் தொற்று, இரத்தக் கட்டி, இதய நோய், புற்றுநோய் குறித்த எச்சரிக்கை இவ்வகை மருந்துகளுக்கு உண்டு. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், இதய நோய்க்கான வாய்ப்புள்ளவர்களுக்கும் வேறு வழி இல்லாதபோது மட்டுமே தரவேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2023-ல் வரையறுத்தது.

அன்றாட மருத்துவத்தில்

மருந்தாய்வுகளில் சேர்க்கப்படுபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர், முதியவர், பல மருந்து உண்பவர் பெரும்பாலும் அவற்றில் இடம்பெறுவதில்லை. அன்றாடப் புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களோ அவர்களும்தான். இதனால் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகள் வழக்கமான சிகிச்சையில் உள்ள நோயாளிகளைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஏடுகளைத் தொடங்கின. டுபிலுமாப் ஆய்வில் காட்டிய பலனை வெளியிலும் தருகிறது என்பதும், கண் தொல்லை ஆய்வில் கண்டதைவிட மிகுதி என்பதும், நோய் நன்கு அடங்கியவர்களில் பலருக்கு ஊசியின் இடைவெளியை நீட்டலாம் என்பதும் அத்தகைய பதிவேடுகளிலிருந்து தெரியவந்தன.

விலையும் ஒரு வரம்பு. பிரிட்டனின் மருந்து மதிப்பீட்டு அமைப்பு 2018-ல் டுபிலுமாபைப் பரிந்துரைத்தபோது, பழைய நோயெதிர்ப்பு அடக்கிகளில் ஒன்றாவது பயன்தராமல் போனவர்களுக்கே தரவேண்டும் என நிபந்தனை விதித்தது. காப்பீடோ அரசு உதவியோ இல்லாத நாடுகளில் பெரும்பாலோருக்கு மெத்தோட்ரெக்சேட்டும் சைக்ளோஸ்போரினுமே எட்டும் மருந்துகள்.

எனவே இன்றைய நடைமுறை, வரலாற்றின் எல்லாப் படிகளையும் ஒரே மேசையில் வைத்திருக்கிறது. புதிய மருந்தை எழுதுமுன் மருத்துவர் முதலில் நோயைச் சரியாக இனங்காண வேண்டும். சொறிசிரங்கு, படர்தாமரை, தொடு ஒவ்வாமை, அரிதாகத் தோலில் வரும் நிணநீர்ப் புற்று ஆகியவை எக்சிமா போலத் தோன்றக்கூடும். அடுத்து, கையில் உள்ள பூச்சு எத்தனை நாளில் எத்தனை குழாய் தீர்ந்தது என்று கேட்பது வழக்கம். உடல் முழுதும் நோய் உள்ளவர் ஒரு சிறு குழாயை இரு மாதம் வைத்திருந்தால், தோற்றது மருந்தன்று, அளவு. ஈரம் காக்கும் பூச்சும், சரியான வீரியமுள்ள ஸ்டீராய்டும், மெல்லிய தோலுக்கு டாக்ரோலிமசும் முறையாகப் பயன்படுத்தப்பட்டும் அடங்காதபோதே ஒளி, மாத்திரை, ஊசி ஆகியவற்றின் முறை வருகிறது. அவற்றுள் எது என்பதை நோயாளியின் வயது, பிற நோய்கள், மகப்பேற்றுத் திட்டம், பயண வசதி, செலவு ஆகியவை தீர்மானிக்கின்றன. ஊசி தொடங்கிய பின்னும் ஈரப்பூச்சு நிற்பதில்லை.

சிகிச்சை பயன்தருகிறதா என்று மறுவருகையில் மதிப்பிடும்போது, தோலைப் பார்ப்பதற்கு இணையாக ஏழு கேள்விகளின் விடையும் பார்க்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று, சென்ற வாரம் எத்தனை இரவுகள் அரிப்பால் தூக்கம் கெட்டது என்பது. வில்லன் காலத்து நோயாளியும் இதற்கு விடை சொல்லியிருக்க முடியும். அதைக் கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் வருவதற்குத்தான் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.